தலையில்லாத நோயாளி

எங்கள் ஊரில் பூட்டுத் தொழில் பார்த்தவர்கள் இரண்டே பேர். நான் கதவுக்குப் பூட்டுப் போடுகிறவன். இன்னொருவர் புற்றுநோய்க்குப் பூட்டுப் போடுகிறவர். நான் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் கூட்டத்தைத் தடுக்கக் கயிறு கட்டியிருந்தார்கள்.

பூட்டுச் சாமியார் என்று பெயர். வைத்தியம் மிகச் சுலபம். நோயாளி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, திரையில் உள்ள ஓட்டை வழியாகக் கையை நீட்ட வேண்டும். சீடன் கட்டைவிரலைப் பஞ்சால் துடைத்து, ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் முக்குவான். தண்ணீர் கறுத்தால் நோய் பரவுகிறது என்று அர்த்தம். கறுக்காமல் போனதாகச் சரித்திரமே இல்லை. உடனே சாமியார் ஒரு குட்டிப் பூட்டை மந்திரம் சொல்லிப் பூட்டி, கம்பிவலையில் தொங்கவிடுவார். நோய் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். விரலைக் கழுவி இன்னொரு தம்ளரில் முக்கினால் தண்ணீர் பளிங்கு. சாவி கிணற்றுக்குள் போய்விடும். நோயாளியின் வளையல் சாமியார் பெட்டிக்குள் போய்விடும். இரும்பு தங்கத்தின் சொல்லைத்தான் கேட்குமாம்.

அந்தப் பூட்டை நான் கொண்டை ஊசியாலேயே திறந்துவிடுவேன். புற்றுநோய்க்குக் கொண்டை ஊசி கிடைக்கவில்லை போலிருக்கிறது.

திரை எதற்கு என்று கேட்டேன். நோயாளியின் முகத்தைப் பார்த்தால் நோய் சாமியாருக்குத் தாவிவிடுமாம். நியாயம்தானே. பூட்டுகிறவருக்கு யார் பூட்டுவது?

என் தங்கை தையல் கடை வைத்திருக்கிறாள். அவளுக்குப் பெருங்குடலில் ஒரு கட்டி. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா படம் போட்டுக் காட்டி விளக்கியதை, துணி வெட்டும் மேஜையில் உட்கார்ந்து புருஷனுக்குச் சொன்னாள்.

"உடம்புல ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லோட தையல் போட்ட மாதிரி ஒட்டிட்டு இருக்குமாம். அந்த நூல் ஒரு புரதம். கட்டியில இருக்கிற சில செல்லு அந்தப் புரதத்தைச் செய்யறதை விட்டுடுது. தையல் பிரிஞ்சுடுது. அப்புறம் நகர ஆரம்பிச்சு, சுவரை அரிச்சு, ரத்தக் குழாய்க்குள்ள இறங்கிடுது. குடல் ரத்தம் முதல்ல ஈரலுக்குத்தான் போகும். அங்க போய்க் குடியேறிடும்."

"உனக்கு ஈரலுக்குப் போயிடுச்சா?"

"ஸ்கேன்ல அப்படி எதுவும் தெரியலை. அதனாலதான் நாளைக்கே வெட்டி எடுத்துடலாம்ங்கறாங்க."

"கத்தி பட்டா கலைஞ்சு உடம்பெல்லாம் பரவிடும்னு சாமி சொல்றாரு. எங்கம்மாவுக்கு வெட்டினாங்க. என்ன ஆச்சு?"

"அத்தைக்கு ஈரல் வரைக்கும் போனப்புறம் வெட்டினாங்க. கத்தி பரப்பலைங்க. கத்தி லேட்டா வந்துச்சு."

மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கெட்டவர் இல்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயம். பயந்தவன் கையில் பேனா நிற்காது.

தங்கை யோசித்தாள். "சரி, சாமிகிட்டயே கை நீட்டறேன். அவர் சொல்றது சரியா இருந்தா ஆபரேஷன் வேண்டாம். தப்பா இருந்தா வாயைத் திறக்காம கையெழுத்துப் போடணும்."

"சத்தியமா போடறேன்," என்றார் அவர். சாமியார் தப்பாகச் சொல்ல மாட்டார் என்ற தைரியம்.

"அண்ணே, நீங்க மூட்டையைத் தூக்கிட்டு வாங்க," என்றாள் என்னிடம்.

மூட்டைக்குள் இருந்தது அவள் கடை வாசலில் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கும் பிளாஸ்டிக் பொம்மை. இடுப்புக்கு மேலே உடம்பு உண்டு, இரண்டு கை உண்டு, தலை கிடையாது. என்ன மூட்டை என்று வாசலில் கேட்டார்கள். மாற்றுத் துணி என்றேன். துணியும் இருந்தது, பொம்மை போட்டிருந்தது.

நானும் தங்கையும் திரைக்குப் பின்னால் போனோம். பொம்மையை ஸ்டூலில் உட்கார வைத்து, அதன் கையை ஓட்டையில் நுழைத்துவிட்டு, பின்வழியாக வந்து கூட்டத்தில் நின்றுகொண்டோம். மாப்பிள்ளை முன்வரிசையில் வளையல்களைக் கர்ச்சீப்பில் முடிந்து வைத்திருந்தார்.

சீடன் விரலைத் துடைத்தான். முகம் மாறியது. "சாமி, கை ஜில்லுனு இருக்கு."

"உயிர் உள்ளே ஒடுங்குது."

"விறைச்சுப்போயிருக்கு சாமி. மடங்கவே மாட்டேங்குது."

"முத்திப்போச்சு," என்றார் சாமியார்.

தம்ளரில் முக்கினார்கள். மை ஊற்றியதுபோல் கறுத்தது. கூட்டம் உச்சுக்கொட்டியது.

"குடல்ல முளைச்சு ஈரலுக்குப் போயிடுச்சு. ராத்திரியில அழறியாம்மா?"

பொம்மை பதில் சொல்லவில்லை.

"பேசக்கூட முடியாத வேதனை," என்று விளக்கினார் சாமியார். "கத்தி பட்டா இந்தப் பொண்ணு பிழைக்காது. பூட்டினா நூறு வயசு."

நூறு வயது சரியாகத்தான் இருக்கும். பிளாஸ்டிக் சீக்கிரம் மக்காது.

மாப்பிள்ளை தேம்பிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தார். பின்னாலிருந்து அவர் தோளை ஒரு கை தட்டியது.

"என்னங்க, வளையலை உள்ள வைங்க. நான் இங்க இருக்கேன்."

மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "அப்ப உள்ள யாரு?"

நான் திரையை இழுத்தேன். ஸ்டூலில் பொம்மை, கை நீட்டியபடி, கழுத்துக்கு மேலே காற்றோடு.

தங்கை கறுத்த தம்ளரை எடுத்து முகர்ந்தாள். "காலர் விறைக்க நாங்க போடற கஞ்சிதான், தண்ணியாக் கரைச்சு வச்சிருக்காங்க. பஞ்சுல இருக்கிறது காயத்துக்குப் போடற அயோடின். ரெண்டும் சேர்ந்தா கறுக்கும். சந்தேகம்னா பஞ்சை மட்டும் முக்கிப் பாருங்க."

ஒருவர் அடுத்த தம்ளரில் பஞ்சைப் போட்டார். பஞ்சுக்கும் புற்றுநோய் வந்தது.

சாமியார் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார். அன்று அவர் போட்ட ஒரே நல்ல பூட்டு. கூட்டம் பெட்டியைச் சூழ்ந்தது, அவரவர் நகையைக் கேட்டு. அந்தச் சந்தடியிலும் ஒரு பெரியவர் கைகூப்பி நின்றார். "பொம்மைக்கே வியாதி கண்டுபிடிச்சிருக்காரே. எப்பேர்ப்பட்ட சக்தி."

மறுநாள் காலை மாப்பிள்ளை வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டார். கட்டியை எடுத்தார்கள். ஈரல் சுத்தம் என்றார் டாக்டரம்மா. தையல் பிரித்த பிறகு தங்கை கடைக்கு வந்து உட்கார்ந்தாள். பொம்மை பழையபடி வாசலில் நின்றது.

அந்தப் பெரியவர் ஒருநாள் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். பொம்மையைத் தயக்கத்தோடு பார்த்தார். "ஏம்மா, அன்னைக்கு அது மட்டும் எப்படிப் பேசாம சாமிகிட்ட கையை நீட்டுச்சு?"

தங்கை அளவு நாடாவை அவர் கழுத்தில் சுற்றினாள்.

"அதுக்குத் தலை இல்லைங்க, நீட்டிடுச்சு. உங்களுக்கு என்ன குறை?"