ஸ்கூல் வேன் மஞ்சளில் ஒரு கிட்டார்

“ரைட் ஹேண்டா, லெஃப்ட் ஹேண்டா சார்?” என்று போனில் கேட்டாள், கிட்டார் பாகங்கள் விற்கும் கம்பெனிப் பெண்.

சண்முகம் திருதிருவென்று விழித்தார். மரம் என்ன மரம், ஸ்க்ரூ துருப்பிடிக்குமா, ஒயர் மேல்தோல் தாங்குமா என்று அதுவரை அவளைக் குடைந்து எடுத்தவருக்கு, வாசிக்கப்போகிற மகளுக்கு எந்தக் கை என்று மட்டும் தெரியவில்லை.

“கிட்டார்ல அது வேறயா?”

“ஆமா சார். எந்தக் கையால கம்பியை மீட்டுவாங்களோ அதுக்கேத்த மாதிரிதான் பாடியை வெட்டணும். உங்க பொண்ணுகிட்டயே கேட்டுச் சொல்லுங்களேன்.”

“அவகிட்ட கேட்டுட்டா அப்புறம் என்னம்மா சர்ப்ரைஸ்? நானே பாத்துச் சொல்றேன்.”

சண்முகம் அப்படித்தான். ஒரு டெக் பார்க்கில் லிஃப்ட் மெக்கானிக். பெங்களூர் ஈஜிபுராவில் அவர் குடியிருக்கும் தெருவில் எந்த வீட்டு மிக்ஸி நின்றாலும், எந்த மோட்டார் முனகினாலும் ஸ்க்ரூ டிரைவரோடு போய் நிற்பார். ஒரு பொருள் எப்படி ஓடுகிறது என்று யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதை மட்டும் அவர் கௌரவக் குறைச்சலாக நினைத்தார். பிரித்துப் பார்த்துவிடுவார். பிரித்ததில் பாதி ஓடும், மீதியை மனைவி ஷோபா பழைய பேப்பர்காரரிடம் போடுவாள்.

கிட்டார் விவகாரமும் அவருக்கு நேராகத் தெரியவரவில்லை. மகள் இளவேனில் காலேஜில் பி.காம். விவேக் நகரில் டேரில் என்ற பையன் நடத்தும் பேண்டில் இரண்டு வருஷமாக அவள்தான் கிட்டார். வாசித்ததெல்லாம் டேரிலின் அண்ணன் லாயிடுடைய கிட்டார். லாயிடுக்குத் துபாயில் வேலை கிடைத்துவிட்டது, கிட்டாரையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். விவேக் நகர் மண்டபத்தில் பேண்ட் போட்டி வருகிறது. சொந்த கிட்டார் இல்லையென்றால் இளவேனில் இடத்துக்கு வேறு ஒரு பையன் தயாராக நிற்கிறான். இத்தனையும் அவள் அம்மாவிடம்தான் சொன்னாள்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று சண்முகம் மனைவியிடம் கேட்டார்.

“சொன்னா நீங்க தையல் மெஷினைப் பிரிச்சு கிட்டார் பண்ணிடுவீங்கன்னு பயந்துட்டா.”

ஷோபா விளையாட்டாகத்தான் சொன்னாள். சண்முகத்துக்குச் சுருக்கென்றது. அதைவிட, அதில் ஒரு நல்ல யோசனை இருப்பதாகவும் பட்டது. அன்றே தனித்தனியாகப் பாகம் வாங்கிக் கிட்டார் செய்வது எப்படி என்று போனில் தேட ஆரம்பித்துவிட்டார். மகள் அந்த மேடையில் ஏற வேண்டும், அதுவும் அப்பா செய்த கிட்டாரோடு ஏற வேண்டும். அவருக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

கம்பெனிப் பெண் கேட்ட அன்று சாயங்காலம் உள்ரூமில் இளவேனில் லாயிடின் கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. சண்முகம் பூனை மாதிரி போய் இடுக்கில் கண்ணை வைத்தார். எதிரே பீரோ. பீரோ கண்ணாடியில் மகள் தெரிந்தாள். இடது கை கம்பிகளைச் சரசரவென்று மீட்டிக்கொண்டிருந்தது.

“லெஃப்ட்மா! சந்தேகமே இல்ல,” என்றார் போனில்.

“லெஃப்ட்னா தனியா வெட்டணும் சார். ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்.”

“என் கண்ணால பாத்துட்டுத்தாம்மா சொல்றேன்.”

ஷோபாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். “எழுதறது, சாப்பிடறது எல்லாம் வலது கையிலதானேங்க?”

“கிரிக்கெட் பாத்திருக்கியா நீ? பவுலிங் ரைட்டு, பேட்டிங் லெஃப்ட்டுன்னு எத்தனை பேரு இருக்கான். அந்த மாதிரி.”

ஷோபா கிரிக்கெட் பார்த்ததில்லை. விட்டுவிட்டாள்.

பார்சல் வந்தது. மகளைக் கண்ணை மூடச்சொல்லி உட்கார வைத்துப் பெட்டியைப் பிரித்தார். வழவழவென்று இழைத்த மரப் பாடி, விரல் வைக்கிற நீளமான நெக், முறுக்காணிகள், சின்னச் சின்ன டப்பாக்களில் ஒயர், காந்தச் சுருள். கல்யாணச் சீர்வரிசை மாதிரி பாயில் பரப்பினார்.

“இப்பத் திறடா கண்ணு.”

இளவேனில் திறந்தாள். பாடியைக் கையில் எடுத்தாள். ஒரு தடவை திருப்பினாள், மறுபடியும் திருப்பினாள். அப்புறம் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். சண்முகத்தின் முகத்தில் அத்தனை பல்லும் தெரிந்தது.

“அப்பா, இதைத் திருப்பிக் குடுக்க முடியுமா?”

“முடியாதும்மா. நமக்குன்னே வெட்டினது. ஏன், காசு போயிடுச்சேன்னு பாக்கறியா?”

“ம்... ஆமாப்பா.”

“அடி அசடு! அப்பா இருக்கேன்ல?”

அன்றிலிருந்து அவள் வீட்டில் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். காலேஜ் முடிந்ததும் நேராக டேரில் வீட்டு மாடி. லாயிட் கிளம்பிப்போன பிறகு, அங்கே ஏதோ ஓட்டை கிட்டார் ஒன்று கிடக்கிறது, அதை வைத்துச் சமாளிக்கிறேன் என்றாள்.

சண்முகம் வேலையில் இறங்கினார். முதலில் பெயின்ட். ஆட்டோவுக்குப் பெயின்ட் அடிக்கும் பச்சைமுத்துவிடம் போனார்.

“கறுப்பு அடிச்சுக் குடு பச்சை.”

“கறுப்பு காலிண்ணா. ஸ்கூல் வேன் மஞ்சள்தான் இருக்கு. அடிச்சா சக்கத்தா, சூப்பரா இருக்கும், பாருங்க.”

மஞ்சள் அடித்தாயிற்று. பெங்களூர் மழை அன்றைக்கென்று பிடித்துக்கொண்டது. வராந்தாக் கொடியில் தொங்கவிட்டார், காலையில் பார்த்தால் ஏரியாக் கொசு முழுக்கப் பாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. தேய்த்துவிட்டு மறுபடி அடித்து ஃபேனுக்கு நேரே வைத்தார், ஃபேன் இறக்கையில் இருந்த தூசியெல்லாம் இடம் மாறியது. மறுபடி தேய்த்து, மறுபடி அடித்து, சூட்டில் சீக்கிரம் காயட்டும் என்று அடுப்பங்கரையில் வைத்தார். ஷோபா ரசத்துக்குத் தாளித்தாள்.

“ஏங்க, ஒரே ஒரு கடுகுதான் தெறிச்சு ஒட்டியிருக்கு. உத்துப் பாத்தாத்தான் தெரியும்,” என்றாள்.

“ரசம் வைக்காம ஒரு நாள் இருக்க முடியாதா உன்னால?”

“கிட்டாரை அடுப்புல வெச்சது நானா?”

கடுகு அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அடித்து அடித்துப் பெயின்ட் தடித்துப்போனதால் நெக் இப்போது பாடியில் அதற்கென்று வெட்டியிருந்த குழிக்குள் போகவில்லை. குழியை உப்புத்தாளால் தேய்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்ததில் கொஞ்சம் அதிகமாகவே தேய்ந்துவிட்டது. இப்போது நெக் ஆடியது, ஆடும் பல் மாதிரி. சந்துக்கு எதையாவது வைத்து அடைக்க வேண்டும். மேஜை டிராயரைத் துழாவினார், பழைய ஆபீஸ் அடையாள அட்டை கிடைத்தது. கத்தரித்துச் செருகினார். நெக் கல் மாதிரி நின்றது.

மறுநாள் டெக் பார்க் வாசலில் செக்யூரிட்டி தடுத்துக் கார்டைக் காட்டச் சொன்னான். “சார், கார்டு தோரிசி.”

சட்டைப் பையில் பழைய அட்டை இருந்தது. கத்தரித்தது புதியதை.

“உள்ள மாட்டிக்கிச்சுப்பா.”

“எதுக்குள்ள சார்?”

“கிட்டாருக்குள்ள.”

புது அட்டை வரும்வரை தினமும் ரிஜிஸ்டரில் விருந்தாளியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் தன் லிஃப்டுகளைப் பார்க்கப் போனார் மனுஷர். அதற்காக ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. அந்த விஷயத்தில் சண்முகத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

வீட்டில் இளவேனில் ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்திருந்தாள்.

“சாம்பார் சாதத்தை ஸ்பூனால சாப்பிடறா பாருங்க,” என்றாள் ஷோபா.

“காலேஜ் ஃபேஷன். விடு.”

ஒருநாள் ஒயர் வாங்க விவேக் நகர் பக்கம் போனபோது, டேரில் வீட்டு மாடியிலிருந்து கிட்டார் சத்தம் கேட்டது. சண்முகம் நடுத்தெருவில் நின்றுவிட்டார். டொய்ங்... டொய்... நேற்றுக் கற்றுக்கொள்ள ஆரம்பித்த குழந்தை மாதிரி தடவித் தடவி வந்தது சத்தம். இடையில் இளவேனில் குரல்: “ச்சே! மறுபடியும் முதல்லேர்ந்து!”

இரண்டு வருஷம் வாசித்தவளா இது? எல்லாம் அந்த ஓட்டை கிட்டார் படுத்தும் பாடு! இதோடு மேடை ஏறினால் மானம் போய்விடும். ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து சால்டரிங் அயர்னைச் செருகினார்.

ஒயர் எல்லாம் பற்றவைத்து, பச்சைமுத்துவின் கணபதி பண்டிகை ஸ்பீக்கரை இரவல் வாங்கி மாட்டினார். ஸ்விட்ச் போட்டார். கிட்டார் கணீரென்று, “நமஸ்கார பெங்களூரு!” என்றது.

ஷோபா கையிலிருந்த கரண்டியைப் போட்டாள். “அய்யய்யோ, பேசுதுங்க!”

பேசியது ரேடியோ. எங்கேயோ போகிற எஃப்.எம். அலையைக் கிட்டாரின் ஒயர் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. சண்முகம் ஒயரை மாற்றிப் போட்டார். அதே நிகழ்ச்சி இன்னும் தெளிவாக வந்தது. இன்னொரு ஒயரை நகர்த்தினார். விளம்பரம் வந்தது.

“பேஜார்ணா. இதை வெச்சு டீக்கடைதான் வெக்கலாம்,” என்றான் பச்சைமுத்து.

சண்முகம் அசரவில்லை. சாப்பாடு தண்ணி மறந்து போனிலேயே கிடந்து, ஒயர் இருக்கும் குழிக்குள் அலுமினியத் தாள் ஒட்டினால் ரேடியோ வராது என்று கண்டுபிடித்தார். சப்பாத்தி சுற்றும் ரோல் காலியாயிற்று. ஷோபா அன்று சப்பாத்தியை வாழை இலையில் கட்டிக் கொடுத்தாள். அவளுக்கும் இப்போது இது எப்படியாவது முடிய வேண்டும் என்று இருந்தது.

மறுபடி ஸ்விட்ச். நிசப்தம். சண்முகம் கம்பியை ஒரு விரலால் சுண்டினார். சுத்தமாக, நீளமாக, வீடு நிறைய ஒரு நாதம் எழுந்து அடங்கியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.

இளவேனில் வந்தாள். மஞ்சள் கிட்டாரைத் தோளில் மாட்டினாள். வலது கையால் நெக்கைப் பிடித்து, இடது கையால் மெதுவாக மீட்டினாள். அவள் முகம் மலர்ந்தது. “சூப்பரா இருக்குப்பா. நிஜமாத்தான் சொல்றேன்.”

“பாத்தியா ஷோபா? லெஃப்ட்டு!” என்றார் சண்முகம். ஷோபா தலையை ஆட்டினாள். தான் சந்தேகப்பட்டதே தப்பு என்று அவளுக்கும் தோன்றியது.

போட்டி நாள். மண்டபத்தில் ஒரு நாற்காலி மிச்சமில்லை. கறுப்பும் சிவப்புமாகப் பளபளத்த கிட்டார்களுக்கு நடுவே ஸ்கூல் வேன் ஒன்று மேடை ஏறியது. பின்வரிசையில் யாரோ ஹாரன் மாதிரி சத்தம் கொடுத்தார்கள், கூட்டம் சிரித்தது. சண்முகம் வேட்டி நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இளவேனில் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். ஓர் இடத்தில் விரல் தடுமாறியது. சண்முகம் நாற்காலி நுனிக்கு வந்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பாட்டைப் பிடித்துவிட்டாள், அப்புறம் கடைசிவரை விடவில்லை. முடிந்தபோது ஹாரன் அடித்தவனே எழுந்து நின்று விசிலடித்தான். இரண்டாம் பரிசு. கோப்பையை வாங்கியவள் மைக்கைப் பிடுங்கி, “இந்த கிட்டார் கடையில வாங்கினது இல்ல. எங்க அப்பா செஞ்சது!” என்றாள்.

சண்முகம் எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டார். ஷோபா, “உக்காருங்க, எல்லாரும் பாக்கறாங்க,” என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் கன்னமும் ஈரமாகத்தான் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் டேரில் அவரிடம் வந்து கையைக் குலுக்கினான். “செம கிட்டார் அங்கிள். சவுண்டு அள்ளுது. ஆனா ஏன் அங்கிள் லெஃப்ட் ஹேண்டா செஞ்சீங்க?”

“என்னப்பா கேள்வி இது? அவ லெஃப்ட்டுதானே? என் கண்ணால பாத்தேன், பீரோ கண்ணாடில...” என்று ஆரம்பித்த சண்முகம் அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டார்.

டேரில் சிரித்தான். “பார்சல் வர்ற வரைக்கும் அவ ரைட் ஹேண்டு அங்கிள். அதுக்கப்புறம்தான் எங்க மாடியில உக்காந்து, வலது கை விரல் தோலெல்லாம் உரிஞ்சுபோய், மொதல்லேர்ந்து கத்துக்கிட்டா. ‘உங்க அப்பாகிட்ட சொல்லிடேன்’னேன். ‘பெட்டியைப் பிரிச்சப்போ எங்க அப்பா மூஞ்சியை நீ பாக்கலைடா, அதுக்குக் கையை மாத்திக்கறதே ஈஸி’ன்னுட்டா.”