இறக்கை வைத்த சக்களத்தி

எக்காரணம் கொண்டும் மனைவியைத் தன் விமானத்தின் பக்கம் அண்டவிடுவதில்லை என்று பல் டாக்டர் முடிவெடுத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. மனைவிமேல் பிரியம் இல்லாமல் இல்லை. பிரியத்தோடு கொஞ்சம் பயமும் இருந்தது, அவ்வளவுதான்.

விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் தோளோடு தோள் உரச உட்காரலாம். மூன்றாவதாக ஒரு குடையை வைத்தால் யாராவது ஒருவர் இறங்கியாக வேண்டும். டாக்டர் பிறப்பதற்கு முன்பே பறந்துகொண்டிருந்த பழைய ஒற்றை எஞ்சின் வண்டி. ஊருக்கு வெளியே, புல்தரை ஓடுபாதையின் ஓரமாக, ஒரு தகரக் கொட்டகையில் அது குடியிருந்தது. விடுமுறை நாள் விடிந்தால் டாக்டர் அங்கேதான் இருப்பார். அதனால் மனைவி அதற்குச் 'சக்களத்தி' என்று பெயர் வைத்திருந்தாள்.

"இன்னிக்கும் சக்களத்தி வீடுதானா?"

"எண்ணெய் மாத்தணும்மா."

"தலைக்கா?"

"எஞ்சினுக்கு."

"குடுத்து வெச்சவ. போயிட்டு வாங்க."

இந்த அளவில் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஏனென்றால் வீட்டில் டாக்டர் ஒன்றுக்கும் உதவாதவர். இது தானாக வந்த பெயர் இல்லை, பாடுபட்டுச் சம்பாதித்தது. கல்யாணமான புதிதில் ஆணி அடிக்கச் சொன்னார்கள். ஆணியை விட்டுவிட்டுச் சுவரை அடித்தார். பாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் பார்த்துக்கொண்டே இருப்பார். அது பொங்கி வழிவதையும் நிதானமாகப் பார்ப்பார். துணி உலர்த்தப் போனால் பாதித் துணி தெருவில் கிடக்கும். கழுவக் கொடுத்த ஒரு தட்டு இரண்டாகத் திரும்பி வரும். கடைசியில் மனைவி கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். உட்கார்ந்திருந்தாலே போதும்" என்றாள். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான், பிறகு எழுந்திருக்கவேயில்லை.

ஆனால் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டால் ஆளே வேறு. சட்டையை மடித்துவிட்டுக்கொள்வார். விமானத்தின் வயிற்றுக்கடியில் மல்லாந்து படுத்து எண்ணெய்க் கறையைத் துடைப்பார். சக்கரத்தைக் கழற்றிக் கிரீஸ் வைப்பார். கிழிந்த சீட் உறையை ஊசி நூல் கொண்டு தானே தைப்பார். ஒரு தையல் கோணினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பார். தரையில் ஒரு பொட்டு எண்ணெய் சிந்தினால் அவருக்கு மனசு ஆறாது. இத்தனையும் மனைவியின் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? அதுதான் பயம். வருடக்கணக்கில் கட்டிக் காத்த உதவாக்கரைப் பட்டம் ஒரே காலையில் பறிபோய்விடும்.

அதிலும் அவள் லேசுப்பட்டவள் இல்லை. ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்குத் தலைமை நர்ஸ். ஊசி என்றதும் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும் பிள்ளையிடம், "அடேயப்பா, இவ்வளவு தைரியமான பிள்ளையை நான் பார்த்ததே இல்லையே! இந்தக் கையில எவ்வளவு பலம்!" என்பாள். பிள்ளை பெருமையாகக் கையை நீட்டிக் காட்டும். அது சிரித்து முடிப்பதற்குள் ஊசி ஏறி இறங்கியிருக்கும்.

டாக்டரின் முடிவைக் கவிழ்த்தது ஒரு தரையிறக்கம். ஒரு நாள் ஓடுபாதையின் குறுக்கே காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. டாக்டர் காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, மூக்கைப் பாதைக்கு நேராகப் பிடித்து, முதலில் ஒரு சக்கரம், அப்புறம் மறு சக்கரம், கடைசியாக மூக்குச் சக்கரம் என்று பூப்போல இறக்கினார். தன்னை மறந்து, "சபாஷ்!" என்றார். சுற்றிலும் பார்த்தார். புல் மேய்ந்துகொண்டிருந்த ஒரு மாடு தலையைக்கூடத் தூக்கவில்லை.

அந்த ஏக்கத்தோடு வீட்டுக்கு வந்தால் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சிரிப்பு?"

"எங்க பெரிய டாக்டர் இல்ல, உங்களுக்கு வருஷா வருஷம் உடம்பைப் பார்த்துப் பைலட் சர்ட்டிபிகேட் குடுக்கறவர்? 'உங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லா ஓட்டுவாராமே'ன்னார். நான்தான், அவருக்கு ஒரு தட்டைப் பிடிக்கத் தெரியாது, பிளேனைப் பிடிப்பாரா, யாராச்சும் பக்கத்துல உட்கார்ந்து ஓட்டுவாங்க, இவர் வேடிக்கை பார்ப்பார்னு சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு."

டாக்டருக்குச் சுரீரென்றது. "நீ வா. வந்து பாரு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவசரமாக ஒரு திட்டம் தயாரானது. கொட்டகையைப் பார்த்துக்கொள்பவரும் புதியவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுப்பவருமான கிழவர் ஒருவர் உண்டு. எல்லாருக்கும் அவர் 'கேப்டன்'. டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கேப்டன், என் மனைவி வர்றா. கழுவறது, துடைக்கறது, தைக்கறது எல்லாம் நீங்கதான் செய்யறீங்க. சரியா?"

"நான் என் சட்டையையே துவைக்கறதில்லையே டாக்டர்."

"ஒரு நாள் துவைச்சவர் மாதிரி இருங்க!"

விடுமுறைக் காலையில் மனைவி கொட்டகை வாசலில் நின்று உள்ளே நோட்டம் விட்டாள். வலது பக்கம் விமானம் தகதகத்தது. கீழே தரை பளிங்காக இருந்தது. துடைக்கும் துணிகள் விளிம்போடு விளிம்பு பொருந்த மடித்து அடுக்கியிருந்தன. இடது பக்கம் கேப்டனின் மேசை. அதன்மேல் பழைய டயர், அதன்மேல் காபிக் கறை படிந்த கோப்பைகள், அவற்றின்மேல் ஒரு செருப்பு.

"இந்தத் துணியெல்லாம் யாரு மடிச்சது?"

"நான்தாம்மா" என்றார் கேப்டன், பட்டன் மாற்றிப் போட்ட சட்டையோடு.

"அப்படியா" என்றாள் அவள். டாக்டர் கைகளைப் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டார். வெளியே எடுப்பதில்லை என்று உறுதி.

அந்த உறுதி விமானத்தைச் சுற்றி வரும்வரைதான் தாங்கியது. பறப்பதற்கு முன் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அசைகிற பாகம் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இதைக் கேப்டன் தலையில் கட்டிவிடலாம் என்றுதான் டாக்டர் கணக்குப் போட்டிருந்தார். கேப்டனும் தலையாட்டிக்கொண்டே இறக்கையைத் தட்டினார். ஆனால் உள்ளே உட்காரப்போவது யார்? தலைமுடி பறக்காமல் இருக்கத் துணியைக் கட்டிக்கொண்டு, வெளியே காட்டிக்கொள்ளாத பயத்தோடு அதோ நிற்கிறாளே, அவள். டாக்டர் உலகத்தில் எதில் வேண்டுமானாலும் ஏமாற்றுவார். இவளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் ஓர் ஆணியைக்கூடப் பார்க்காமல் விட அவருக்கு மனசு வரவில்லை. கைகள் தாமாகவே பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தன.

ஒவ்வொரு கீலாக ஆட்டிப் பார்த்தார். மூக்கின் மூடியைத் திறந்து எண்ணெய் அளவைப் பார்த்தார். இறக்கைக்கடியில் குனிந்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, வானத்துக்கு நேரே தூக்கினார். நீல நிறப் பெட்ரோலின் அடியில் கடுகளவு தண்ணீர் முத்து ஒன்று உருண்டது. பெட்ரோலில் தண்ணீர் கலந்தால் நடுவானில் எஞ்சின் நின்றுவிடும். கொட்டிவிட்டு மறுபடி பிடித்தார். மறுபடியும் பிடித்தார். முத்து மறைந்து மூன்று குப்பி தெளிவாக வந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அடேயப்பா! அந்தத் துளி எனக்குத் தெரியவே இல்லையே. உங்களுக்கு எவ்வளவு கூர்மையான கண்ணு!"

டாக்டரின் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது.

"இந்த சீட்டு உறையில தையல் பாருங்களேன், நூல் பிடிச்ச மாதிரி! கேப்டன் சாருக்கு இந்த வயசுலயும்..."

"கேப்டனா? நான் தைச்சது!"

கேப்டன் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்களா? நிஜமாவா? அப்ப இந்தக் கண்ணாடி? ஒரு கோடு இல்லையே?"

"வட்டமாத் தேய்ச்சா கீறல் விழும். மேலேருந்து கீழே, ஒரே வாக்குல இழுக்கணும். இங்க பாரு." டாக்டர் துணியை எடுத்துச் செய்தே காட்டினார். அது போதாதென்று வயிற்றுக்கடியிலும் படுத்துக் காட்டினார்.

"ஐயோ, கை வலிக்காதா?"

"இதெல்லாம் ஒரு வேலையா!" என்றார் டாக்டர், தரையில் படுத்தபடியே, கம்பீரமாக.

ஊசி ஏறி இறங்கிவிட்டது. அவருக்கு வலிக்கவேயில்லை.

பிறகு பறந்தார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். புல்தரை தடதடவென்று ஓடி, சட்டென்று தடதடப்பு நின்று, பூமி தானாகக் கீழே இறங்கிக்கொண்டது. மனைவி அவர் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு பிடியைத் தளர்த்தினாள். பிறகு பிடித்திருந்ததையே மறந்துவிட்டாள். ஆறு, பாலம், ஆஸ்பத்திரி, தங்கள் தெரு. டாக்டர் மெதுவாக ஒரு வட்டமடித்தார்.

"அதோ நம்ம வீடு!"

அவள் எட்டிப் பார்த்தாள். "எவ்வளவு அழகா இருக்குங்க!" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணித் தொட்டியை மூடிட்டேன்னு சொன்னீங்க? மூடி திறந்து கிடக்கே" என்றாள்.

டாக்டர் பேச்சை மாற்ற, "ஸ்டீரிங்கைக் கொஞ்சம் நீ பிடிக்கிறியா?" என்றார். அவள் இரண்டே விரலால், பச்சைக் குழந்தையின் நாடி பார்க்கிறமாதிரி பிடித்தாள். விமானம் அணுவளவும் ஆடவில்லை. டாக்டருக்கு இது வசப்பட ஒரு வருடம் ஆகியிருந்தது.

இறங்கும்போது அதே குறுக்குக் காற்று. டாக்டர் அதே மாதிரி இறக்கினார். ஒரு சக்கரம், மறு சக்கரம், மூக்குச் சக்கரம். எஞ்சின் நின்றதும் அவள் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "எனக்கு உங்களை நெனைச்சா அவ்வளவு பெருமையா இருக்குங்க" என்றாள். அது வார்டில் சொல்கிற புகழ்ச்சி இல்லை. இந்த ஒரு வாக்கியத்துக்காக எதையும் கொடுக்கலாம் என்று டாக்டர் நினைத்தார்.

மறுநாள் காலை கொடுக்க வேண்டி வந்தது.

"என்னங்க, ஜன்னல் கண்ணாடியெல்லாம் மங்கிக் கிடக்கு. மேலேருந்து கீழே ஒரே வாக்குல இழுத்துடுங்க. அப்புறம் தலையணை உறை ரெண்டு தையல் விட்டிருக்கு. பால் அடுப்புல இருக்கு, பார்த்துக்குங்க."

"நானா?"

"இதெல்லாம் ஒரு வேலையான்னு நீங்கதானே கேட்டீங்க?"

டாக்டர் பதறவில்லை. கைவசம் பழைய ஆயுதம் இருந்தது. பாலைப் பொங்கவிட்டார். தலையணை உறையைத் தன் சட்டையோடு சேர்த்துத் தைத்தார். ஒரு தட்டைத் தேர்ந்தெடுத்துக் கீழே போட்டார். சத்தம் கேட்டு மனைவி வந்தாள். திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"எது?"

"கை நடுக்கம். பொங்கற பால் கண்ணுக்குத் தெரியலை. தொட்டி மூடியை மூடாமலே மூடிட்டதா ஞாபகம். கை, கண்ணு, மறதி மூணுமே சரியில்லையே. பல்லுன்னா பரவாயில்லை, ஒண்ணு மாத்தி ஒண்ணைப் பிடுங்கினாலும் எப்பவோ ஒரு நாள் விழவேண்டியதுதான். பிளேனாச்சே? நான் இன்னிக்கே எங்க பெரிய டாக்டர்கிட்ட சொல்லிடறேன். சர்ட்டிபிகேட்டை நிறுத்தி வெச்சுட்டு நல்லா செக் பண்ணட்டும்."

"எனக்கு ஒண்ணும் இல்லைம்மா!"

"இல்லையா? நல்லாத்தான் இருக்கீங்களா?"

"கல்லு மாதிரி இருக்கேன்!"

"அப்பாடா, வயித்துல பாலை வார்த்தீங்க" என்று அவள் எழுந்தாள். "அப்ப அந்தச் சட்டையைப் பிரிச்சுட்டு மறுபடி தைச்சுடுங்க."

அன்றிலிருந்து அந்த வீட்டு ஜன்னல்களில் ஒரு கோடு கிடையாது. குழாய்கள் சொட்டுவதில்லை. கதவுக் கீல்கள் முனகுவதில்லை. இத்தனை வருடமாக இந்த மனிதனை வைத்துக்கொண்டா கஷ்டப்பட்டோம் என்று மனைவி ஒரு நாளும் கேட்கவில்லை. மாறாகத் தினமும் புகழ்ந்தாள். அதைக் கேட்க டாக்டருக்குப் பிடித்தும் இருந்தது. அதுதான் பெரிய கொடுமை.

கொஞ்ச நாளில் இன்னொன்றும் நடந்தது. "எனக்கும் கத்துக்கணும்போல இருக்குங்க" என்றாள். கேப்டன் சொல்லித்தருவதாக ஏற்கனவே சம்மதித்திருந்தார். அவர் மேசைகூடச் சுத்தமாகியிருந்தது. டாக்டரால் எப்படி மறுக்க முடியும்? விடுமுறை நாள் காலையில் அவள் சக்களத்தி வீட்டுக்குக் கிளம்பினாள். டாக்டர் துணி வாளியோடு மொட்டை மாடிக்கு ஏறினார்.

முதலில் தண்ணீர்த் தொட்டியின் மூடியை அழுத்தி மூடினார். பாடம் படித்தாகிவிட்டது. பிறகுதான் அந்த இனிய எண்ணம் தோன்றியது: வீட்டில் ஆளில்லை. வாளியைச் சுவரோரம் வைத்தார். பாயை விரித்தார். தலையணை போட்டார். பல நாளைக்குப் பிறகு பழைய உதவாக்கரையாக நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

பழகிய எஞ்சின் சத்தம் எழுப்பியது. நிமிர்ந்து பார்த்தார். நீல வானத்தில் அவருடைய வெள்ளை விமானம் வந்துகொண்டிருந்தது. அந்தத் திருப்பத்தைக் கேப்டன் செய்யவில்லை. கேப்டன் வெடுக்கென்று திருப்புகிறவர். இது இரண்டு விரலால் திருப்புகிற திருப்பம். உயரம் ஏறாமல், இறங்காமல், தட்டில் வைத்த தண்ணீர்கூடச் சிந்தாமல் வீட்டைச் சுற்றி ஒரு முழு வட்டம். இவ்வளவு சீக்கிரத்தில் இவ்வளவு சுத்தமாக யாரும் திருப்பி அவர் பார்த்ததில்லை. என் பெண்டாட்டி என்று ஊரைக் கூட்டிக் கத்தவேண்டும்போல இருந்தது. இறக்கைகள் இப்படியும் அப்படியும் சாய்ந்து வணக்கம் சொல்லின. டாக்டர் பாய்மேல் துள்ளி எழுந்து, கண்ணில் நீர் தளும்ப, இரண்டு கையையும் வீசி வீசி ஆட்டினார். விமானம் புள்ளியாகி மறையும்வரை ஆட்டினார்.

சற்றுப் பொறுத்துப் போன் அடித்தது. இறங்கிவிட்டாள் போலிருக்கிறது.

"பார்த்தேன்மா! பிரமாதம்! என்ன திருப்பம், என்ன திருப்பம்! நான் கையாட்டினது தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுதுங்க" என்றாள் அவள், வார்டுக் குரலில். "துணி இன்னும் வாளியிலேயே இருக்கறதும் தெரிஞ்சுது."