ஆறு மூலக்கூறும் கெட்டிச் சட்னியும்

வேதியியல் படித்து, வேதியியல் சொல்லிக்கொடுத்து, ஒரு கண்ணாடிக் குப்பியைக்கூடக் கையால் தொடாமல் ஓய்வு பெற்ற ஒரே மனுஷன் பூமியிலேயே எங்கள் அரைச்சொட்டு சார்தான். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் நின்று இதை அடித்துச் சொல்வேன். ஆசிட் வாடை அவருக்கு ஆகாது. பேப்பர், பேனா, ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர், அவ்வளவுதான் ஆய்வுக்கூடம். "இது கணக்குப் போட்டே கண்டுபிடிக்கிற கெமிஸ்ட்ரிங்க" என்பார்.

நான் அந்தக் கல்லூரி விடுதியில் கிளார்க். சாருக்கும் எங்கள் மெஸ்ஸில்தான் சாப்பாடு. அவர் ஆராய்ச்சி தண்ணீரைப் பற்றியது. கண்மாய்த் தண்ணீர் இல்லை, ஆறே ஆறு மூலக்கூறு தண்ணீர். அந்த ஆறும் எப்படிக் கைகோத்து நிற்கும் என்பதுதான் கேள்வி. மாவட்டமே தண்ணி பத்தலைன்னு அலைந்தபோது, ஆறு மூலக்கூறு என் கம்ப்யூட்டருக்கு ஜாஸ்தி என்று அலைந்தவர் அவர் ஒருத்தர்தான். அதனால்தான் பசங்கள் அரைச்சொட்டு என்று பேர் வைத்தார்கள். அதுவும் ரொம்பப் பெரிய பேரு, அரைச்சொட்டுல கோடானுகோடி மூலக்கூறு இருக்கும்னு சார் வருத்தப்பட்டார்.

ஒருமுறை ஒரு அம்மா போர் தண்ணியைக் குடத்தோடு கொண்டுவந்து, "உப்பாக் கரிக்குது, என்னான்னு பாத்துச் சொல்லுங்க" என்றது. சார் குடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என் கணக்கு ஆறு வரைக்கும்தாங்க வரும். ஒங்க குடத்துல அதுக்கு மேல இருக்குங்களே" என்றார். அந்த அம்மா திட்டின திட்டை இங்கே எழுத முடியாது.

இன்னொரு நாள் விடுதிக்கே கடலைமிட்டாய் வாங்கிவந்தார்.

"என்ன சார் விசேஷம்?"

"வெளிநாட்டுல ஒருத்தரு என் கட்டுரை தப்புன்னு எழுதியிருக்காருங்க!"

"அதுக்கா மிட்டாய்?"

"தப்புன்னு சொல்லணும்னா முழுசாப் படிச்சிருக்கணும்ல!"

இப்படி இருக்கையில், கல்லூரியைச் சோதிக்க ஒரு குழு வரப்போகிறது என்று சேதி வந்தது. ஆராய்ச்சியால் பயன் காட்டாத துறையின் அறையைப் பிடுங்கி விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கப் போகிறார்களாம். சாருக்கு வீடு என்றால் அந்த அறைதான். அதைக் காப்பாற்ற ஒரு கட்டுரை வேண்டும். கட்டுரைக்கு அந்தக் கம்ப்யூட்டர் பதினோரு நாள் நிற்காமல் ஓட வேண்டும். கம்ப்யூட்டருக்கும் மெஸ் கிரைண்டருக்கும் ஒரே கரண்ட் லைன். கிரைண்டரைப் போட்டால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

சார் யாரிடமும் வாய் திறக்காமல், கிரைண்டர் ரிப்பேருக்குப் போன நேரம் பார்த்துக் கணக்கை ஓடவிட்டார். ஒன்பதாம் நாள் சமையல்கார ஆரோக்கியமேரி அக்கா, மணமேல்குடிக்காரர், ரிப்பேராகி வந்த கிரைண்டரைத் தெரியாமல் போட்டுவிட்டார். கணக்கு போச்சு. சார் மெஸ் வாசலுக்கு வந்தார். கையைக் கழுவினார். இலையில் உட்கார்ந்து, "சட்னி நல்லா இருக்குங்கக்கா" என்றார். விஷயம் தெரிந்ததும் அக்கா என்னைத்தான் பிடித்தார்.

"அந்த மனுசன் வாயத் தொறந்து சொல்லியிருக்க வேணாமா? இன்னொருக்கா ஓட விடச் சொல்லுங்க. இங்கிட்டு ஒரு சுவிச்சு போட்டா ஏன்னு கேளுங்க!"

பதினோரு நாள் அறுபது பேருக்கு ஆட்டுக்கல்லும் அம்மியும்தான். என்னையும் விடவில்லை. கொப்புளத்தோடு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட கிளார்க் நான் ஒருத்தன்தான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு கெட்டிச் சட்னியை அப்புறம் நான் தின்னதில்லை.

கணக்கு முடிந்தது, கட்டுரை அச்சானது, குழுவும் வந்தது. தலைவர் ஒரு வயதான அம்மா. "இந்த ஆராய்ச்சியால யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டார்.

"இதுவரைக்கும் ஒருத்தருக்கும் இல்லைங்க" என்றார் சார். பிரின்சிபாலுக்குப் புரையேறியது. பொய் சொல்லத் துப்பில்லாத மனுஷன், என்ன செய்ய?

காபி கொண்டுவந்த அக்கா தட்டை டொக்கென்று வைத்தார். "என்னங்க சாரு, பொசுக்குன்னு இப்படிச் சொல்லிட்டீங்க? நாத்து நட்ட மறுநாளே சோறாயிருமா? ஒண்ணுக்கும் ஆகாததுக்கா நான் பதினோரு நாளு ஆட்டுக்கல்லுல கெடந்தேன்?"

தலைவர் அம்மா சிரித்தார். "சார் என்ன கண்டுபிடிச்சாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம அரைப்பாகளா? தண்ணியில ஆறு இருக்குல்ல, அது வட்டமா நிக்கலையாம். கூண்டு கணக்கா கைகோத்து நிக்குதாம். தெனமும் சாப்பிட வாரப்பல்லாம் நான் கேப்பேன்ல."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருசத்துல ஒரு பையன்கூட இவ்வளவு சரியாச் சொன்னதில்லைங்க" என்றார். தலைவர் அம்மா 'பயன்' என்ற கட்டத்தில் என்னவோ நீளமாக எழுதினார். அறை பிழைத்தது.

சார் இப்போது பொன்னமராவதியில் நிம்மதியாக இருக்கிறார். போனில் இன்றைக்கும் முதல் கேள்வி, "அக்கா நல்லா இருக்காங்களா?" நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் எங்கள் வீட்டு மிக்ஸியைப் போடப்போனால் சுவிட்ச் மேலேயே என் கை ஒரு நிமிஷம் நிற்கும். "என்ன யோசனை?" என்பாள் மனைவி. ஒன்றுமில்லை, அங்கே சாருக்குக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால்?