பாலன் இல்லாத மலைக்கிராமம்

நியாயம் தன் பக்கம் இருக்கிறவனுடைய கோபம் லேசில் ஆறாது. (நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?) வீட்டில் பூனை குட்டி போட்டால்கூட நாளும் கிழமையும் குறித்துவைப்பவன் நான். இந்த ஒரு சம்பவத்துக்கு மட்டும் இன்றுவரை தேதி எழுதவில்லை. யுத்தத்துக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸ். அவ்வளவு மரியாதை போதும் அதற்கு.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்கள் பங்குச் சாமியார் ஜீவனஹள்ளியில் வீடு வீடாக வந்து குடில் பார்ப்பார். குடில் முன்னால் முழங்காலிட்டு ஒரு செபம் சொல்லிவிட்டுப் போவார். அந்த வருஷம் கோவில் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார் வேலை காலியாக இருந்தது. கொடுக்கவேண்டியவர் அதே சாமியார். நான் படிப்பை முடித்துவிட்டு அப்பாவின் பார்வைக்குப் பயந்து நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சாமியாரின் சொந்த ஊர் ஆல்ப்ஸ் மலையில் ஒரு கணவாய்க்குக் கீழே இருக்கும் சின்னக் கிராமம். அந்தக் காலத்தில் உப்பும் திராட்சை ரசமும் சுமந்த கோவேறு கழுதைகள் அந்த வழியாகத்தான் மலையைக் கடக்கும். நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தில் அந்த ஊரின் வரைபடமே கிடைத்தது. ஊரெல்லாம் பெத்லகேம் கட்டட்டும், நான் சாமியாரின் ஊரையே கட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

சாக்குத்துணியைக் களிமண்ணில் தோய்த்து மலை. தட்டில் முளைவிட்ட ராகிதான் மேய்ச்சல் நிலம். சிகரத்துக்குப் பஞ்சு. கோவில், சத்திரம், சுங்கச்சாவடி, மரப்பாலம், பாலத்தின்மேல் வரிசையாகக் கழுதைகள். எல்லாம் வரைபடத்தின் அளவுப்படி. கோவிலே என் கட்டைவிரல் உயரம்தான்.

எங்கள் வீட்டுப் பாலசேசு சொரூபமோ ஒரு சாண் நீளம்.

“பாலன எங்கடா வெப்பே?” என்றாள் அம்மா.

“வெக்க முடியாதும்மா. படுக்க வெச்சா கோயில்லருந்து சுங்கச்சாவடி வரைக்கும் கால் நீளும். அளவு ஒத்து வரல.”

“ஆண்டவருக்கே அளவு பாக்குறியா? மண்டை கெட்டுப்போச்சாடா உனக்கு?”

“சும்மா பேஜார் பண்ணாதம்மா,” என்றாள் என் தங்கை ரோஸி. “அண்ணன் ஊர்ல கழுதைக்கு மட்டும்தான் எடம்.”

சாமியார் வந்தார். குனிந்தார். மரப்பாலத்தை ஒரு விரலால் தொட்டு, “சிறுவயதில் இங்கிருந்து விழுந்திருக்கிறேன்,” என்றார். வேலை கிடைத்துவிட்டது என்று அப்பாவை ஜம்பமாகப் பார்த்தேன்.

பிறகு முழங்காலிட்டுக் கைகுவித்தவர், இங்கும் அங்கும் தேடினார்.

“தம்பி, பாலன் எங்கே?”

“அளவு ஒத்து வரலைங்க சாமி.”

சாமியார் கண்ணை மூடிச் செபத்தை ஆரம்பித்தார். பாதியில் அம்மா உள்ளே போய்ப் பாலனைத் தூக்கிவந்தாள். முந்தானையால் துடைத்தாள். என் கிராமத்தின் நட்டநடுவில் பொத்தென்று வைத்தாள். பாலம் முறிந்தது. கழுதைகள் ராகிக்குள் உருண்டன. பாலனின் குதிகால் மெல்லக் கீழே இறங்கியது.

“ஐயோ, சுங்கச்சாவடி!” என்று அலறினேன். செபம் முடிந்து எல்லாரும் ஆமென் சொல்லவேண்டிய நேரம் அது.

நசுங்கிக் கிடந்த தன் ஊரைப் பார்த்துச் சாமியார் சிரித்தார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

“சரித்திரம் நன்றாகத் தெரிகிறது, தம்பி. பிள்ளைக்கு எங்கே இடம் விடுவதென்றுதான் தெரியவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கப் பிள்ளைகளாயிற்றே!”

வேலை வேறொருவருக்குப் போயிற்று. அவருக்கு ஆல்ப்ஸ் மலை எந்தக் கண்டத்தில் இருக்கிறதென்று தெரியுமா என்பதே சந்தேகம். நான் ரயிலடியில் பார்சல் குமாஸ்தா ஆனேன்.

பல வருஷம் கழித்து, என் மகள் பேசப் பழகிய புதிதில், குடும்பமாகச் செபம் சொல்லிக்கொண்டிருந்தோம். முடிந்ததும் குழந்தை கைகுவித்து, கண்ணை இறுக மூடி, பக்தியோடு “சுங்கச்சாவடி” என்றாள். ரோஸி மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்! அம்மாகூட முக்காட்டுக்குள் சிரித்துக் குலுங்கினாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் ஆமென் சொல்வதில்லை.