அக்னி தீர்த்தத்தில் முங்கிய கிடாய்

“என் கிடாய் ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போயி, அக்னி தீர்த்தத்துல மூணு முங்கு முங்கி, எனக்கு முன்னாடியே வீடு வந்து சேர்ந்துருச்சு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!”

கமுதிக்கு மேற்கே தன் ஊர் டீக்கடையில் வீரையா இதைச் சொன்னபோது கேட்டவர்கள் பதினோரு பேர். சிரித்தவர்களும் பதினோரு பேர். அடுப்பிலிருந்த வடைச் சட்டி கூட கொஞ்சம் குலுங்கியது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எழுபத்தொரு வயதுக்குள் வீரையா திரிக்காத சரடு இல்லை. அவர் காட்டில் விளைந்த மிளகாயை மோந்து பார்த்த காக்கா சாயல்குடி வரைக்கும் தும்மிக்கொண்டே பறந்தது. அவர் போர் போட்ட அன்று பீறிட்ட தண்ணீர், மேலே போன விமானத்தின் கண்ணாடியைக் கழுவிவிட்டது. ஊர் இதையெல்லாம் டீயோடு சேர்த்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடும். யாரும் நம்பியதில்லை. யாரும் கவலைப்பட்டதும் இல்லை.

இந்தத் தடவை மட்டும் ஒன்று இடித்தது. சரடு முடிகிற இடத்தில் வீரையா மீசையைத் தடவிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் எழுபத்தொரு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது.

அந்தக் கிடாய் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டது. நேர்ந்துவிட்ட கிடாயை யாரும் கட்டிவைக்கக் கூடாது, விரட்டக் கூடாது, எந்தக் காட்டில் மேய்ந்தாலும் ஏன் என்று கேட்கக் கூடாது. வேறு காரியத்துக்கு அதைத் தொட்டவன் வீடு தழைக்காது என்பது ஊரின் பயம். அமாவாசையன்று தகப்பனாருக்குத் தர்ப்பணம் கொடுக்க வீரையா பஸ் ஏறி ராமேஸ்வரம் போனார். கடலுக்குள் லட்சம் தலைகள். அதில் ஒரு தலைக்குக் கொம்பு இருந்தது. வலது காதில் வெள்ளைத் திட்டு, கழுத்தில் அவரே கட்டிய மஞ்சள் துணி. முங்கியது, எழுந்தது, முங்கியது, எழுந்தது. சுற்றிலும் முகம் தெரியாத முதுகுகள். மூன்றாவது முங்கு முங்கியதும் அவை மறைத்துவிட்டன. பொழுது சாய வீட்டுக்கு வந்தால், வேப்பமரத்தடியில் கிடாய் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“ராமலெட்சுமி, இது எப்ப வந்துச்சு?”

“எங்கிட்டுப் போச்சு, வாரதுக்கு?” என்றாள் மனைவி.

மனைவியின் தம்பி வேல்ராஜ் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். ஊரில் குட்டியானை என்று சொல்லும் சின்ன லோடு வண்டி வைத்திருப்பவர். அறுபத்துமூன்று வயதில் நாற்பத்தெட்டு வருடம் மச்சான் பேச்சை நம்பாமலே கழித்தவர்.

“மச்சான், லோடுக்குப் போறப்பயும் பார்த்தேன், வாரப்பயும் பார்த்தேன். வேலியோரமா மேஞ்சுக்கிட்டு நின்னுச்சு. வெயில்ல மூளை கலங்கிருச்சு உங்களுக்கு.”

மகன் மாரிச்செல்வத்துக்குப் போன் போனது. திருப்பூரிலிருந்து அவன் குரல் கனமாக வந்தது.

“சிரிக்கிற விசயமில்லம்மா இது. ராமநாதபுரத்துல வயசானவங்களுக்குன்னே ஒரு மனநல டாக்டர் இருக்காங்க. மாமாவை வண்டி எடுக்கச் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. புத்தி தடுமாறுதுன்னு அவங்க சொல்லிட்டா அய்யாவை நான் இங்கன கூட்டிக்கிறேன். காட்டைக் குத்தகைக்கு விட்டுருவோம்.”

வீரையா திருப்பூரை நினைத்துப் பார்த்தார். மகன் வீடு நான்காவது மாடியில் ஒற்றை அறை. அங்கே தாராளமாகக் கொட்டாவி விட்டால் எதிர்ச் சுவரில் பல் இடிக்கும். எட்டு ஏக்கர் மிளகாய்க் காட்டை விட்டுவிட்டு அங்கே போய் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டுமா?

முதல் வேலையாகச் சாமி விபூதியைக் கையில் வைத்துச் சத்தியம் செய்தார். பலன் தலைகீழாகப் போனது.

“பொய்க்கெல்லாம் சத்தியம் பண்ண மாட்டாரே! அப்பன்னா நெசமாவே நம்புறாரா?” என்று ராமலெட்சுமி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மாற்றிப் பேசினார்.

“சும்மா சொன்னேன்டி. கிடாயாவது கடலாவது.”

“நேத்து விபூதியைக் கையில வச்சுச் சொன்னது இன்னைக்கு மறந்துபோச்சா?” என்று அழ ஆரம்பித்தாள் அவள்.

இனி வாயைத் திறந்தால் உள்ளதை உள்ளபடி மட்டும் பேசுவது என்று முடிவெடுத்தார் வீரையா. டீக்கடையில் “மழை எப்படிண்ணே?” என்று கேட்டார்கள். பழைய வீரையாவாக இருந்தால் தவளை குடை பிடித்த கதை வந்திருக்கும். “நாலு தூறல்” என்றார். ஒருவர் எழுந்து போய்விட்டார். இன்னொருவர், “அண்ணே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்று தோளைத் தொட்டார். நான்கே நாளில் செத்த வீட்டுக்கு வருகிற மாதிரி ஆட்கள் வாழைப்பழத்தோடு வந்து பார்க்கத் தொடங்கினார்கள்.

வந்தவர்களில் பக்கத்து வீட்டு முனியசாமியும் ஒருவர். அதே டாக்டரிடம் ஆடி மாதமே தன் மகளோடு போய் வந்தவர்.

“அது ஆசுபத்திரி இல்லண்ணே, பரீட்சை! ஒரு கடிகாரம் வரையச் சொல்லும். முள்ளு தப்பா விழுந்துச்சு, அன்னையோட நம்ம கையெழுத்து செல்லாது. பத்திர ஆபீஸ் வரைக்கும் சேதி போயிரும்.”

“யாருப்பா சொன்னா?”

“நானே நினைச்சுக்கிட்டேன். ஆனா எனக்கு ஒண்ணுமில்ல, தூக்கம்தான் பத்தலைன்னு அனுப்பிருச்சு. நான் பாஸ்.”

வீரையா கதவைச் சாத்தினார். “என்ன கேட்டாக, என்ன சொன்னே? ஒண்ணு விடாமச் சொல்லு.”

மூன்று நாள் படிப்பு நடந்தது. எட்டாம் வகுப்புப் பரீட்சைக்கு இதில் கால்பங்கு படித்திருந்தால் வீரையா கலெக்டர் ஆகியிருப்பார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் உதடு அசைந்தது. ராமலெட்சுமி ஜன்னல் வழியாகப் பார்த்து, “தனியாப் பேசுறாரு” என்று மகனுக்குச் சொன்னாள்.

ஆவணி மாதத்து வியாழக்கிழமை, வேல்ராஜின் குட்டியானையில் மூவரும் ராமநாதபுரம் போய் இறங்கினார்கள். டாக்டர் சத்யப்பிரியாவின் அறையில் ஊசி இல்லை, கட்டில் இல்லை. ஒரு மேசை, நாற்காலிகள், ஒரு வெள்ளைத் தாள். அந்தத் தாளைப் பார்த்ததும் வீரையா விரலால் தொடையில் ஒரு கடிகாரம் வரைந்து பார்த்துக்கொண்டார்.

“வாங்கய்யா, உட்காருங்க. பேர் என்ன?”

“வீரையா.” தன் பெயரைச் சொல்லலாம் என்று முனியசாமி அனுமதி கொடுத்திருந்தார்.

“இன்னைக்கு என்ன தேதிங்கய்யா?”

“ஆடி இருபத்தொண்ணு, செவ்வாய்க்கிழமை!” இடி மாதிரி வந்தது பதில்.

டாக்டரின் பேனா எழுத ஆரம்பித்தது. “மூணு வார்த்தை சொல்றேன். அப்புறமா கேட்பேன், ஞாபகம் வச்சுக்கங்க…”

“படகு, தேங்காய், குடை!”

“நான் இன்னும் சொல்லலையேய்யா?”

முனியசாமி சொல்லிக்கொடுத்த வேகத்துக்கு இந்த டாக்டர் ஈடுகொடுக்கவில்லை.

“சரி. நூறுல ஏழு போனா? அப்படியே ஏழேழாக் குறைச்சுக்கிட்டு வாங்க.”

“தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுவத்தெட்டு, எழுவது, தண்ணி குடிச்சுக்கிறேன் டாக்டரம்மா, அறுவத்தி மூணு!”

“தண்ணி வேணுமாய்யா?”

“வேணாம்.”

டாக்டர் ராமலெட்சுமியைக் காட்டினார். “கூட வந்திருக்கிறது யாரு?”

“எம் மக ஜெயசுதா!”

ராமலெட்சுமி போட்ட அலறலில் வெளியே மருந்துக்கடைக்காரர் ஷட்டரை இறக்கப் போனார். “நாப்பத்தெட்டு வருசம் குடும்பம் நடத்துன என்னையவே தெரியலையே! திருப்பூருக்குத் துணி எடுத்து வைங்கடா!”

“பார்த்தீங்களா டாக்டரம்மா?” என்றார் வேல்ராஜ். “மச்சானுக்கு முத்திருச்சு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். உதட்டோரம் லேசாகத் துடித்தது. “அய்யா, இந்தப் பதிலெல்லாம் நான் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டுட்டேன். தப்பு உட்பட. யார்கிட்டன்னு சொல்லமாட்டேன். ஆனா உங்களோடது இல்ல. எதுக்கு இந்த வேலை?”

வீரையாவின் கண் நிறைந்துவிட்டது. “பயந்துக்கிட்டுத்தான் டாக்டரம்மா. நீங்க ஒரு வார்த்தை எழுதினா எங் காடு போயிரும்.”

“நான் யார் காட்டையும் எழுதி வாங்குறதில்லைங்கய்யா. வயசானவங்க வீட்லயே நிம்மதியா இருக்க என்ன வழின்னு பார்க்கிறதுதான் என் வேலை. இப்ப உங்க பதிலைச் சொல்லுங்க.”

ஒரு மணி நேரம் கேட்டார். கண் ஆபரேஷன் ஆனதா, காது கேட்கிறதா, தூக்கத்தில் கத்துகிறாரா, என்னென்ன மாத்திரை போடுகிறார்? நாற்றங்கால், பறிப்பு, வற்றல் போடும் களம் என்று வீரையா மிளகாயின் ஜாதகத்தையே சொன்னார். கிடாய் முங்கியதையும் ஒன்று விடாமல் சொன்னார். வரைந்த கடிகாரத்தில் நொடி முள் கூட இருந்தது. டாக்டர் கொடுத்த மூன்று வார்த்தைகளையும் நேராகவும் தலைகீழாகவும் திருப்பிச் சொன்னார்.

பிறகு ராமலெட்சுமியிடம் கேட்டார் டாக்டர். “அவர்கிட்ட என்ன மாற்றம் பார்த்தீங்கம்மா?”

“ரெண்டு வாரமா உள்ளதை மட்டும் பேசுறாரு டாக்டரம்மா. வீட்ல இருக்கவே பயமா இருக்கு.”

டாக்டர் தலையசைத்தார். “ஞாபகசக்தி என்னைவிட நல்லா இருக்கு. ஆனா அந்தக் கிடாய் ஒண்ணுதான் இடிக்குது. ஞாபகம் நல்லா இருக்கும்போதே, இல்லாத ஆளு, இல்லாத ஆடு மாடு கண்ணுக்குத் தெரியிற ஒரு வியாதி இருக்கு. அதுன்னா இப்பவே கவனிக்கணும்.”

இத்தனை நாள் வீரையா மற்றவர்களுக்குத்தான் பயந்தார். இப்போதுதான் தன் கண்ணுக்கே பயந்தார். மஞ்சள் துணி, காதில் வெள்ளைத் திட்டு, கொம்பிலிருந்து வழிந்த உப்புத் தண்ணீர், இத்தனையும் மூளை திரித்த சரடா?

“எழுதிருங்க டாக்டரம்மா,” என்றார் மெல்ல. “எங் கண்ணே எங்கிட்டச் சரடு விட்டா நான் என்ன செய்ய?”

“அவசரப்படாதீங்க. அம்மா, அன்னைக்குக் காலையில கிடாயை நீங்க பார்த்தீங்களா?”

“இல்லையே. சாயங்காலம்தான் பார்த்தேன். பகல் பூரா அங்கனதான் நின்னுச்சுன்னு தம்பிதான் சொன்னான்.”

டாக்டர் வேல்ராஜின் பக்கம் திரும்பினார். “அப்ப, கிடாய் ஊரைத் தாண்டலைன்னு சொல்ற ஒரே ஆளு நீங்கதான். உங்க வயசு?”

“அறுவத்தி மூணு. எதுக்கு?”

டாக்டர் புதிதாக ஒரு தாளை எடுத்து அதன் தலையில் வேல்ராஜ் என்று எழுதினார். வேல்ராஜ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொன்னா, ரெண்டு பேரையும்தானே பார்க்கணும்? ஆடி அமாவாசையன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

“நானா… அபிராமத்துக்கு லோடு.”

“அபிராமமா?” என்றாள் ராமலெட்சுமி. “ஏலே வேலு, கமுதிக்கு லோடுன்னு சொல்லித்தானல மச்சானை பஸ்ல போக விட்டே?”

“ஆங், கமுதி. கமுதிதான்.”

“என்ன லோடு?”

“அது… ஞாபகமில்ல.”

பேனா ஓடியது. ‘ஊர் குழப்பம். லோடு ஞாபகமில்லை.’ தலைகீழாகவே அதைப் படித்த வேல்ராஜின் முகம் வெளுத்துப்போனது.

“எந்த வழியாப் போனீங்க?”

“ஞாபகமில்ல டாக்டரம்மா.”

“மதியம் எங்க சாப்பிட்டீங்க?”

“ஞாபக… ஐயையோ, அதை எழுதாதீங்க!”

“எழுதாம எப்படி? ஸ்கேன் எடுக்கணும். தனியா வண்டி ஓட்டக் கூடாது. கூடவே ஒரு ஆள் இருந்து பார்த்துக்கணும்.”

ராமலெட்சுமி முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தாள். “எல்லாம் எந் தலையெழுத்து. மாரிச்செல்வம் வீட்ல ஒரே ரூம்தான். மச்சானும் மாப்ளையும் ஒரு கட்டில்லயே படுத்துக்கங்க. அவரு நாளெல்லாம் பேசட்டும், நீ கேட்டுக்கிட்டுக் கெட.”

வேல்ராஜ் அந்த அறையைக் கண்ணால் கண்டுவிட்டார் போலும். பொத்தென்று நாற்காலியிலிருந்து இறங்கி, டாக்டரின் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு டாக்டரம்மா! வழி பூரா சரடு விடுவாரேன்னு மச்சான் வாய்க்குப் பயந்து, எங்க அய்யாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க நான் தனியா ராமேஸ்வரம் போனேன். வண்டிக்குப் பின்னாடி இருந்த வாழை இலைக்கு அந்தக் கிடாய் ஏறிப் படுத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? கடற்கரையில கயித்தைப் போட்டுப் பிடிக்கிறதுக்குள்ள அய்யாவுக்கு வச்ச பிண்டத்தை முழுங்கிருச்சு! சாமிக்கு நேர்ந்ததைத் தொட்டதே குத்தம், இதுல பிண்டம் வேற. பாவம் போகட்டும்னு தண்ணிக்குள்ள நின்னு, மூக்கைப் பொத்தி மூணு முங்கும் போட்டுவிட்டதே நான்தான்!”