நீல பெஞ்சும் நீண்ட சாட்சியும்

சாட்சிக்காரர் என்றொரு இனம் இருக்கிறது. கோர்ட்டில் கூண்டு ஏறுகிறவர்களைச் சொல்லவில்லை. சபையில் எழுந்து, ஆண்டவர் தனக்கு என்னவெல்லாம் செய்தார் என்று மைக்கைப் பிடித்துச் சொல்லுகிறவர்களைச் சொல்லுகிறோம். அதிலும் ஒரு தனி ரகம் உண்டு. நடந்ததைச் சொல்லும் அளவுக்கு அவர்களுக்குப் பொறுமை கிடையாது. நடக்கப்போவதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, பிறகு அது நடக்கிறதா என்று பார்க்கக் கிளம்புவார்கள். ஊழியப் பயணத்துக்கு மூட்டை கட்டும்போது மற்றவர்கள் சோப்பு, துண்டு, தலைவலித் தைலம் என்று எடுத்துவைத்தால், இவர்கள் இருநூறு பக்க நோட்டு ஒன்றை எடுத்துவைப்பார்கள். கையில் ஒரு வாளியைக் கொடுத்துப் பாருங்கள். அதைத் தூக்குமுன் வாளி தனக்குக் கற்பித்த பாடம் என்ன என்று யோசித்துக்கொண்டு நிற்பார்கள். வாளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. பாடம் மட்டும் வழிந்து ஓடும்.

உங்கள் சபையிலும் ஒருவர் இருப்பார். இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். மைக்குக்குப் பக்கத்தில் தேடிப் பாருங்கள்.

நாம் பார்க்கப்போகிற ஆளுக்குச் சபையில் ‘பத்து நிமிஷம்’ என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் ‘பத்தே நிமிஷம், முடிச்சிடுறேன்’ என்பான். முப்பத்தொரு வயதுவரை அவன் முடித்தது ஒன்றுமில்லை. டைப்ரைட்டிங் வகுப்பில் பாதி விசைப்பலகை. கிட்டாரில் கம்பி முறுக்குவது வரை. கம்ப்யூட்டர் கோர்ஸில் அவர்கள் இலவசமாகக் கொடுத்த பை வரை. அவனை அந்தப் பட்டப்பெயரால் கூப்பிடாத ஒரே ஆள் அவனுடைய அக்கா. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாகப் போர்வை மடிக்கிறாள். மூலையோடு மூலை ஒரு நூலளவு விலகினாலும் உதறிவிட்டு மறுபடி மடிப்பாள். எல்லாவற்றிலும் அப்படி அளவு பார்க்கிறவளுக்குத் தம்பி விஷயத்தில் மட்டும் அளவு தப்பிவிடும். “என் தம்பி பேச ஆரம்பிச்சான்னா சுவரே அழும்” என்று சலவைக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தாள்.

அந்தச் சுவர் எப்போது அழும் என்று உடன் வேலை செய்கிற பெண்கள் ஐந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் பதில் கிடைத்தது. வெளியூர்ச் சபை ஒன்றுக்குப் போய் வேலை செய்துகொடுக்கிற ஒரு வார ஊழியப் பயணம். கடைசி நாள் சாயங்காலக் கூட்டத்தில் சாட்சி சொல்லத் தம்பிக்கு நேரம் கொடுப்பதாகப் பாஸ்டர் வாக்குக் கொடுத்துவிட்டார். அவன் ஒரு காரியத்தை ஆரம்பித்து முடிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அக்கா தன் மொத்த லீவையும் போட்டுவிட்டு வேனில் ஏறினாள்.

போய் இறங்கியது தகரக் கூரை போட்ட ஒரு சின்னச் சபை. முதல் நாள் காலையில் பாஸ்டர் காகிதத்தைப் பார்த்து வேலை பிரித்தார். அக்காவுக்கு, சபையை ஒட்டியிருந்த விடுதியின் போர்வைகள். தம்பிக்குப் பெஞ்சு.

“பெஞ்சா? பாஸ்டர், பிரசங்கம் யாருக்கு?”

“பிரசங்கம் பண்ண இங்க ஆள் இருக்காங்க தம்பி. ஒழுங்கா உட்காரத்தான் பெஞ்சு இல்ல.”

பதினாறு மர பெஞ்சுகள். பழைய பெயின்ட் செதில் செதிலாக எழும்பி நின்றது. உள்ளூர் பெயின்டர் வந்து வேலையைச் சொல்லிக்கொடுத்தார். சிக்கனமான மனிதர், பெயின்ட்டிலும் பேச்சிலும்.

“சுரண்டணும். உப்புத்தாள் போடணும். ஒரு கோட்டிங். ஒரு நாள் காயணும். இன்னொரு கோட்டிங். ரெண்டு நாள் யாரும் உட்காரக் கூடாது.”

“ரெண்டு நாளா? ஏன் பிரதர்?”

“அத பெயின்ட்டுகிட்டதான் கேக்கணும்” என்று சொல்லிவிட்டு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

தம்பி ஒரு பெஞ்சின் ஒரு காலைச் சுரண்டினான். உடனே நோட்டை எடுத்தான். ‘என் பழைய சுபாவம் சுரண்டப்பட்ட அனுபவம்’ என்று தலைப்புப் போட்டு நாலு பக்கம் எழுதினான். இரண்டாவது காலைச் சுரண்டியபோது விரலில் சிராய் ஏறியது. அது உபத்திரவம், மூன்று பக்கம். உப்புத்தாள் கையை எரித்தது. அது சோதனை; ஐந்து பக்கம், இரண்டு உபதலைப்புகளோடு. மூன்றாம் நாள் சாயங்காலம் நோட்டில் நாற்பது பக்கம் முடிந்திருந்தது. பெஞ்சு ஐந்து.

அக்கா போர்வைகளை எல்லாம் துவைத்து, உலர்த்தி, மடித்து, அளவுவாரியாக அடுக்கிவிட்டு வந்தாள். “டேய், ஒரு சுரண்டி குடு. நான் அந்தப் பக்கம் பாக்குறேன்.”

“வேணாம்க்கா. என் பாரத்த நான்தான் சுமக்கணும்.”

“பாரத்த நீ சுமடா. பெஞ்ச நான் சுரண்டுறேன்.”

“உனக்குப் புரியாதுக்கா. இதுல ஒரு ஆழம் இருக்கு.”

தம்பி ஆழம் என்று சொன்னால் அக்கா ஒதுங்கிக்கொள்வாள். எட்டாம் வகுப்புக்கு எட்டாத ஆழமாக இருக்கும் என்று அவளுக்கு ஒரு மரியாதை.

இப்படியாக வெள்ளிக்கிழமை மதியம்தான் முதல் பூச்சு விழுந்தது. கூட்டம் சனிக்கிழமை சாயங்காலம். பெயின்டர் சொன்ன கணக்கு எங்கே, இருக்கிற நேரம் எங்கே? அதைவிடப் பெரிய நெருக்கடி ஒன்று இருந்தது. சாட்சியின் ஏழாவது தலைப்பான ‘காத்திருப்பதின் மேன்மை’க்கு இன்னும் முடிவுரை அமையவில்லை. எனவே முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் இரண்டாவது பூச்சைத் தாராளமாக, தயிர் மாதிரி கெட்டியாக இழுத்து விட்டுவிட்டு, காத்திருப்பதைப் பற்றி எழுத ஓடினான்.

காத்திருக்க நேரமில்லை. எழுத வேண்டியிருந்தது!

சனிக்கிழமை மதியம் அக்கா வந்து பார்த்தாள். பதினாறு பெஞ்சும் பளபளவென்று வானத்தைக் கழுவி விரித்த மாதிரி கிடந்தன. “காஞ்சிடுச்சாடா?”

“தொட்டுப் பாரேன்.”

எதையும் தொட்டுப் பார்த்தே நம்புகிற அக்கா விரல் வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. அவள்மேல் தப்பில்லை. பெயின்ட் சில மனிதர்களைப் போல; வெயில் பட்டதும் மேலே தோல் கட்டிக்கொண்டு முதிர்ந்துவிட்ட மாதிரி மினுமினுக்கும். உள்ளே பச்சை. விரல் நுனிக்கு அது தெரியாது. ஆள் உட்கார்ந்தால் தெரியும்.

சாயங்காலம் ஆட்கள் உட்கார்ந்தார்கள். பெஞ்சுக்கு ஐந்து பேர், மொத்தம் எண்பது பேர். நின்றபடி பாடி முடித்து, வியர்த்து, ஒரே நேரத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்கள். மேலே தகரம் அனலாகக் கொதித்தது. அக்கா முதல் வரிசையில், ஆராதனைக்கென்றே வைத்திருந்த நல்ல உடுப்பில் இருந்தாள். பெயின்டரும் வந்திருந்தார். அவர் மட்டும் உட்காரவில்லை. பெஞ்சை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடைசிக் கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

தம்பி மைக்கைப் பிடித்தான். “பத்தே நிமிஷம், முடிச்சிடுறேன்.”

நாலாவது நிமிஷத்தில் அக்கா காலை மாற்றிப் போடப் பார்த்தாள். கால் வந்தது. உடுப்பு வரவில்லை. மெல்ல இழுத்தாள். பெஞ்சு அதைவிட மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த பாஸ்டர் மனைவியின் பக்கம் சாய்ந்தாள்.

“அம்மா, நீங்க கொஞ்சம் அசைய முடியுதா?”

“அதான் நானும் ரொம்ப நேரமா பாக்குறேன் சிஸ்டர். ஆண்டவர் என்னைப் பிடிச்சு வச்சிருக்கார்னு நெனச்சேன்.”

அக்காவுக்கு விளங்கிவிட்டது. கூடவே இன்னொன்றும் விளங்கியது. தம்பி இரண்டாவது தலைப்பில்தான் இருக்கிறான். இன்னும் ஐந்து பாக்கி. இப்போது ஒருவர் எழுந்தால் துணி கிழியும். கிழிந்தால் சிரிப்பு வெடிக்கும். சிரிப்பு வெடித்தால் டைப்ரைட்டிங், கிட்டார், கம்ப்யூட்டர் வரிசையில் சாட்சியும் போய்ச் சேரும். அவள் கழுத்தை மட்டும் திருப்பிப் பின் வரிசைக்குச் சொன்னாள்: “யாரும் எந்திரிக்காதீங்க. தம்பி முடிச்சிடட்டும்.”

செய்தி பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போனது. எண்பது பேரும் சரி என்று தலையசைத்தார்கள். அன்பு பாதி, துணியைப் பற்றிய கவலை பாதி.

மேடையில் இருந்தவனுக்கோ ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. எந்தக் கூட்டத்தில் இப்படி நடந்திருக்கிறது? தண்ணீர் குடிக்க ஒருவர் போகவில்லை. வெளியே நழுவ ஒருவர் பார்க்கவில்லை. எண்பது பேரும் ஆணியடித்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, கண்கலங்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலங்காமல் என்ன செய்யும்? பெயின்ட்டில் கலந்த தின்னரின் நெடி! அவன் பத்து நிமிஷத்தை ஐம்பது ஆக்கினான். நோட்டில் இல்லாத எட்டாவது தலைப்பும் வந்தது. கடைசியில் கண்ணை மூடி, கையை உயர்த்தி, உருக்கமாகக் கேட்டான்.

“பொறுமைய கத்துக்கணும்னு வாஞ்சையா இருக்கிறவங்க அப்படியே எழுந்து நில்லுங்க!”

ஒருவரும் எழவில்லை.

“கூச்சப்படாதீங்க. எழுந்து நில்லுங்க.”

ஒரு பெஞ்சு கிறீச்சென்றது. அவ்வளவுதான்.

“ஒருத்தர்கூடவா இல்ல?”

மூடிய கண்ணுக்குக் கீழே அவன் உதடு கோணிக்கொண்டு போவதை அக்கா பார்த்தாள். டைப்ரைட்டிங் வகுப்பிலிருந்து பாதியில் திரும்பி வந்த அன்றைக்கும் இதே உதடு, இதே கோணல். இதோ, கரைக்கு ஒரு முழம் இருக்கும்போது இதையும் விட்டுவிடப்போகிறான். அவள் இருபக்கமும் இருந்தவர்களின் தோளைப் பிடித்தாள். “ஆண்டவரே, மானத்தக் காப்பாத்தும்” என்றாள். எழுந்தாள்.

சர்ர்ர்ர்.

உடுப்பின் பின்பாதி பெஞ்சோடு தங்கிவிட்டது. பாஸ்டர் மனைவி அவளைப் பார்த்தார். முன்னால் இருந்த மேஜையின் விரிப்பை உருவி அவள் இடுப்பில் சுற்றிவிடக் கையை நீட்டியபடியே தானும் எழுந்தார். சர்ர்ர்ர். அதன்பிறகு யாரால் உட்கார்ந்திருக்க முடியும்? இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை, துணிக்கடையில் தள்ளுபடி நாளில் கிழிக்கிற மாதிரி சர் சர்ரென்று எண்பது பேரும் எழுந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு மேடையில் இருந்தவன், மூடிய கண் மூடியபடியே, ஆனந்தத்தில் துள்ளிக் கத்தினான்:

“கட்டுகள் அறுகிற சத்தம் எனக்குக் கேக்குது!”

அதற்குமேல் யாராலும் தாங்க முடியவில்லை. பாஸ்டர் மைக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். தம்பி கண்ணைத் திறந்தான். ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துச் சிரிக்கிற எண்பது பேர், எல்லோருக்கும் பின்னால் ஒரே அகலத்தில் நீலக் கோடு, நடுவில் மேஜை விரிப்பைக் கட்டிக்கொண்டு கண்ணீர் வழிய நிற்கும் அக்கா.

“அக்கா…”

“முடிச்சிட்டடா தம்பி! கடைசிவரைக்கும் முடிச்சிட்ட!”

பெயின்டர் நடுவழியே நடந்து வந்து, சுரண்டியை அவன் கையில் வைத்தார்.

வேன் மறுநாள் அவனை விட்டுவிட்டுத்தான் கிளம்பியது. பதின்மூன்று நாள் கழித்து வந்து சேர்ந்தான், நகக்கண்ணெல்லாம் நீலம். “என்னடா பாடம் கத்துக்கிட்ட?” என்று அக்கா ஆசையாக எதிரே உட்கார்ந்தாள்.

“பதினாறு பெஞ்சுக்கா.”

“காஞ்சிடுச்சா?”

“ரெண்டு நாள் விட்டு நானே முதல்ல உட்கார்ந்து பாத்தேன். எந்திரிக்க வந்துச்சு.”

“நோட்டு எங்கடா?”

“பிரஷ் தொடைக்கத் தாள் பத்தலக்கா.”

அவ்வளவுதான். சபையில் அவன் வாயைத் திறக்கவில்லை. சலவைக்கூடத்தில் அக்கா சொன்ன கணக்கில் மட்டும் அது முப்பத்திரண்டு பெஞ்சு.

சரி, நீங்கள்? இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, இதை அடுத்த கூட்டத்தில் எங்கே உதாரணமாகச் சேர்க்கலாம், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தலாம் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டீர்களா? இல்லையா? நல்லது, நம்புகிறோம்.

எதற்கும், எழுந்திருக்கும்போது கொஞ்சம் மெதுவாக எழுந்திருங்கள்.