ஏசி காலி செய்த பால்கனி

இந்த வீட்டிலிருந்து இனி ஒரு ஆணிகூட வெளியே போகாது என்று அவர் சபதம் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். போட்ட இடம், படுக்கையறையை ஒட்டிய பால்கனி. அங்கே இரண்டு கால் ஊன்ற இடமில்லை. ஒற்றைக் காலில் நின்றுதான் போட்டார்.

அக்கம்பக்கத்தில் அவருக்கு 'உதவும் சார்' என்று பெயர். பெடல் போன உடற்பயிற்சி சைக்கிள், கைப்பிடி உடைந்த சாய்வு நாற்காலி, டிவி போய்ச் சேர்ந்த பிறகும் போகாத டிவிப் பெட்டி, ஒரு மூட்டை பழைய வயர். எதைத் தொட்டாலும் "இருக்கட்டும், ஒருநாள் உதவும்" என்பார். அன்று மனைவி தூக்கிப் போடக் கேட்டது ஒரு தடித்த கம்பளி. அடிக்கிற வெயிலில் அதைப் பார்த்தாலே வியர்க்கும். அதற்குத்தான் சபதம்.

"சரி, துவைச்சாவது வைக்கிறேன்" என்றாள் மனைவி.

இவ்வளவு சுலபமாக அவள் விட்டுக்கொடுத்தால் மனிதனுக்குச் சந்தேகம் வர வேண்டும். இவருக்குப் பெருமைதான் வந்தது.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து ஏசியைப் போட்டார். கொஞ்ச நேரம் குளிர்ந்தது. பிறகு வெறும் காற்று. பால்கனி மூலையில் இருந்த அவுட்டோர் யூனிட்டைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்.

"அடுப்பா கொதிக்குது."

"மெக்கானிக்கக் கூப்பிடட்டுமா?"

"நான் இருக்கும்போது மெக்கானிக் எதுக்கு?"

"நீங்க இருக்கறதாலதான் கேட்டேன்."

அவர் முறைத்தார். அவள் குரலை இறக்கினாள். "பாவம், இத்தனை சாமானுக்கு நடுவுல அதுக்கு மூச்சு முட்டுதோ என்னவோ. எனக்கென்ன தெரியும்? முதல்ல அந்தக் கம்பளிய உள்ள எடுத்து வச்சுட்டு வேலையப் பாருங்க, அழுக்காயிடும்."

யூனிட்டுக்கு நேர் எதிரே, துணி ஸ்டாண்டில் ஈரக் கம்பளி தொங்கியது. சொன்னபடி எடுத்து உள்ளே வைத்தார். பிறகு, உதவும் என்று சேர்த்து வைத்திருந்த பழைய டூத் பிரஷ்ஷால் யூனிட்டின் தகடுகளைத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அவர் மூளையில் சொந்தமாக ஒரு யோசனை உதித்தது. யூனிட் மூச்சு விட இடம் வேண்டும். டிவிப் பெட்டியைக் கொண்டுபோய்த் தெருவில் வைத்தார். ஏசியைப் போட்டார். ஜில்லென்று வந்தது.

"பெட்டிதான் கோளாறு" என்றார்.

"எப்படித்தான் கண்டுபிடிக்கிறீங்களோ" என்றாள் மனைவி. அந்தச் சந்தோஷத்தில் அவர் நன்றாகத் தூங்கினார்.

அடுத்த நாள் சாயங்காலம் மறுபடியும் நின்றது. மறுபடியும் கம்பளியை உள்ளே வைத்தார், தேய்த்தார், சைக்கிளைத் தூக்கினார். ஓடியது. ஆனால் சைக்கிள் இருந்தது அந்தக் கோடியில். அது எப்படி இந்தக் கோடியில் காற்றை மறிக்கும்? காகிதத்தில் அம்புக்குறி போட்டுப் பார்த்தார். அம்புகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன.

"பகல்ல ஓடுதா?"

"பிரமாதமா ஓடுது. நீங்க வந்தாத்தான் நிக்குது."

"என்னைப் பார்த்தா அதுக்கு என்ன?"

"எனக்கும் அது புரியலங்க. யாரப் பார்த்தா யாருக்குச் சூடேறும்னு யாரு கண்டா?"

மூன்றாம் நாள் நாற்காலி. அவர் நிஜமாகவே பிரியம் வைத்திருந்த நாற்காலி அது. தூக்குவதற்கு முன் அதில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தார். எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து "வேணாம்னா நான் எடுத்துக்கட்டுமா சார்?" என்று வாங்கிப் போனார். ஏசி உடனே ஓடியது. அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது. அப்படியென்றால் கோளாறு நாற்காலியில்தான் இருந்திருக்கிறது.

நான்காம் நாளும் நின்றது. இப்போது பால்கனியில் யூனிட், ஸ்டாண்ட், கம்பளி, வயர் மூட்டை. அவ்வளவுதான். அவருக்குத் தலை சுற்றியது. எதற்கும் இருக்கட்டும் என்று மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

எதிர்ப் பால்கனியிலிருந்து குரல் வந்தது. அவருடைய நாற்காலியில் சாய்ந்தபடி எதிர்வீட்டுக்காரர் கேட்டார்: "சார், தப்பா நினைக்காதீங்க. தினமும் சாயங்காலம் நீங்க வீட்டுக்கு வர தெருமுனையில திரும்பினதும் உங்க வீட்டம்மா அந்தக் கம்பளிய நனைச்சு அந்த மிஷின் மூஞ்சிக்கு நேரா போடறாங்களே, அது ஏதாவது வைத்தியமா?"

அவர் கம்பளியைப் பார்த்தார். யூனிட்டைப் பார்த்தார். கம்பளியை மெல்ல ஒரு விரலால் விலக்கினார். உள்ளிருந்து அனல் மூஞ்சியில் அடித்தது. அன்று காகிதத்தில் முட்டிக்கொண்ட அம்புகள் எல்லாம் வரிசையாக அவர் பக்கம் திரும்பின.

மனைவி ஒரு ஸ்டூலோடு வந்தாள். காலியான இடத்தில் போட்டு உட்கார்ந்து, தெருவைப் பார்த்துக் காலை நீட்டினாள். மூன்று வருஷமாக அவள் கேட்டது அந்த ஒரு ஸ்டூல் இடம்தான்.

"எல்லாம் இந்தக் கம்பளி வேலையா?" என்றார், மூட்டையும் தோளுமாக.

"ஆமாங்க. அன்னிக்கு நான்தான் புத்தியில்லாம இதத் தூக்கிப் போடப் பார்த்தேன். ஒருநாள் உதவும்னு நீங்க அப்பவே சொன்னீங்க."